பத்தரையடிக் கம்பு

எலியேசருக்கு 'வேணும்' என்கிற சொல் வாயில் வராது. திக்குவாய் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற சொற்களெல்லாம் தாராளமாக வரும். பைபிளில் எந்தச் சங்கீதத்தைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கோவிலில் பாட்டெடுக்க ஆள் வராத நாளில் பாளையங்கோட்டைச் சபையே அவன் பக்கம்தான் திரும்பிப் பார்க்கும். ஆனால் ஒரு பொருளை யாராவது நீட்டி 'இந்தா, வச்சுக்கோ' என்றால் தீர்ந்தது. 'எனக்கு எதுக்கு' என்று அவனைக் கேட்காமலே அவன் வாய் சொல்லிவிடும்.

இதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை. உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறிக்கு மகனாகப் பிறந்தவன். அடுத்த வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று, அவன் நடக்கப் பழகும் முன்பே அம்மா சொல்லிக்கொடுத்துவிட்டாள். 'சாப்பிடுதியா' என்று கேட்டால் 'இப்பதான் சாப்பிட்டேன்' என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் 'வயிறு நெறஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தால் உட்காரலாம். குடல் காய்ந்து கிடந்தாலும் இதுதான் முறை. கேட்கிறவர்களுக்கும் முறை தெரியும். இரண்டு தரம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிற வீட்டைக் கஞ்சப்பய வீடு என்று ஊரே ஏசும். திருநெல்வேலிச் சீமையில் பாதிப் பேர் இப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

அவன் கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. சபை உபதேசியார் வந்து, 'சாலோமின்னு ஒரு பொண்ணு இருக்கு, பிடிச்சிருக்கா' என்று கேட்டபோது, கோவிலில் இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன், 'எனக்கு எதுக்குய்யா இப்பக் கல்யாணம்' என்றான். நல்ல வேளை, உபதேசியார் நம்மூர்க்காரர். விடாமல் மூன்று தரம் கேட்டார். சாலோமி கிடைத்தாள்.

மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தான். மேலே படிப்பு ஏறவில்லை. அணைக்கட்டு இலாகாவில் லஸ்கர் வேலை கிடைத்தது. தண்ணீர் மட்டம் பார்ப்பதும் மதகைத் திறந்து அடைப்பதும் லஸ்கர் வேலை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அவன் நின்றிருந்த ஒரு நாளில்தான் டன்ஸ்டன் துரை அவனைக் கண்டுபிடித்தார்.

டன்ஸ்டன் துரை இலாகாவுக்கு இஞ்சினீயர். பாபநாசம் மலையடியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் தாமிரபரணியில் உள்ள அணைகளெல்லாம் அவர் பொறுப்பு. அணையைப் பார்க்க வருவார், பார்த்து முடித்ததும் தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவார். துரை அணையைப் பார்க்க வருகிறாரா, மீனைப் பார்க்க வருகிறாரா என்று லஸ்கர்மாருக்குள் ஒரு கேலி உண்டு. அன்றைக்கு அவர் வீசிய கயிறு மதகுக் கல்லில் போய்ச் சிக்கிக்கொண்டது. துரை ஆங்கிலத்தில் ஏதோ ஏசினார். எலியேசர் கழுத்தளவுத் தண்ணீரில் போய், அறுக்காமல் இழுக்காமல், பைய ஒவ்வொரு சிக்காக எடுத்து, கயிற்றை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தான். இப்படி ஒரு பொறுமையைத் துரை இந்த நாட்டில் பார்த்ததில்லை, அவருடைய நாட்டிலும் பார்த்ததில்லை. அந்த வாரத்திலிருந்து எலியேசர் துரையின் தூண்டில் ஆள் ஆனான்.

துரை மீன் பிடிக்கிற விதம் ஊருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. மண்புழு கிடையாது, மாவுருண்டை கிடையாது. சின்னத் தூண்டில் முள்ளில் காட்டுச் சேவலின் கழுத்து இறகைப் பட்டு நூலால் சுற்றி, ஈ மாதிரி ஒன்றைச் செய்வார். அதைத் தண்ணீரின் மேல் போடுவார். மீன் அதை ஈ என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். 'நெசப் புழுவுக்கே வரமாட்டேங்கு, கோழி ரோமத்துக்கா வரப்போவுது' என்று கரையில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள். மீன் வந்தது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஈக்கு எடையே கிடையாது. எடை இல்லாத ஒன்றை எப்படி எறிவது? எண்ணெயில் ஊறிய பட்டுக் கயிறுதான் எடை. அதைப் பின்னால் வீசி, காற்றில் முழுக்க நீளவிட்டு, பிறகு முன்னால் கொண்டுவர வேண்டும். கை அதில் கொஞ்சம்தான் செய்யும், மிச்சத்தைக் கம்பு செய்யும். கம்பு சரியில்லை என்றால் கயிறு சுருண்டு வீசினவன் தலையிலேயே வந்து விழும்.

துரையிடம் நான்கு கம்புகள் இருந்தன. நான்குக்கும் எலியேசர் மனசுக்குள் பெயர் வைத்திருந்தான். பதினாறு அடிக்கு ஒன்று, இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டியது. அது பெரியவர். அணைக்குக் கீழே மடுவில் கிடக்கிற பெருங்கெண்டைக்கு அவர்தான் லாயக்கு. ஆனால் மலை ஓடையில் அவரை வைத்துக்கொண்டு திரும்பக்கூட முடியாது. எட்டடியில் இன்னொன்று, அது சின்னப்பிள்ளை. சேர்வலாற்று ஓடைகளில் சாண் மீன் பிடிக்கலாம். கொஞ்சம் பெரிய மீன் கடித்தாலும் முறிந்துவிடும் என்று பயமாக இருக்கும். மூன்றாவது, நுனி முறிந்து நூல்கட்டுப் போட்ட ஒரு பழைய கம்பு. அதற்கு நொண்டி என்று பெயர். அது எந்தத் தண்ணீரிலும் இறங்கி அவன் பார்த்ததில்லை. மற்ற மூன்று கம்புகளைத் துடைத்து எண்ணெய் போடுவது எலியேசர் வேலை. நொண்டியை மட்டும் துரை தாமே துடைத்து வைத்துக்கொள்வார். உதவாத கம்புக்கு ஆளை எதற்கு வேலை வாங்க வேண்டும் என்று நினைக்கிறார் போலும் என்று எலியேசர் எண்ணிக்கொண்டான்.

நான்காவதுதான் பத்தரை. கல்கத்தா மூங்கிலைக் கப்பலில் சீமைக்குக் கொண்டுபோய், ஆறு சீவலாகச் சீவி, பசை போட்டு ஒன்றாக ஒட்டி, வார்னிஷ் அடித்து, துரைப் பட்டம் கட்டித் திருப்பி அனுப்பிய கம்பு. பத்தரை அடி நீளம். மூன்று துண்டாகக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டால் மாட்டுவண்டியிலும் போகும், தோளிலும் போகும். ஓடையில் நின்று வீசினால் ஈ சத்தமில்லாமல் போய் இறங்கும். மடுவில் பத்து ராத்தல் கெண்டை கடித்தாலும் கைப்பிடி வரைக்கும் வளைந்து கொடுக்குமே தவிர முறியாது. மேலே மலையிலிருந்து கீழே அணை வரைக்கும் ஒரே கம்பை வைத்துக்கொண்டு போகலாம் என்றால், அது பத்தரைதான்.

அதை எலியேசர் வீசிப் பார்த்திருக்கிறான், தண்ணீரில் அல்ல, புல்தரையில். மழைக்காலம் முடிந்ததும் பங்களாத் தோட்டத்தில் முள் இல்லாமல் கயிறு மட்டும் கட்டி, 'வீசு, கம்பு நேராக இருக்கின்றதா என்று பார்க்கலாம்' என்பார் துரை. வீசுவான். கயிறு பின்னால் போய் நீண்டு, ஒரு கணம் நின்று, முன்னால் போகும்போது அவன் மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று தட்டும். அந்தத் தட்டு அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் கம்பைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரைக்கும் போய், அங்கே வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் நின்றிருக்கிறான். ஒரு தரம், ஒரே ஒரு தரம், தானே தண்ணீரில் நின்று வீச வேண்டும். தன் கம்பில் தனக்கு ஒரு மீன் கடிக்க வேண்டும். இதைத் தவிர அந்த மனிதனுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சாலோமிக்குச் சொல்லாமலே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முண்டந்துறை பங்களாவில், 'தேநீர் அருந்துகின்றாயா' என்று துரை கேட்டார். முன்ஷியிடம் தமிழ் படித்துப் பரீட்சை எழுதினவர் ஆகையால் புத்தகம் பேசுகிற மாதிரித்தான் பேசுவார். எலியேசர், 'வேண்டாம் தொரை' என்றான். அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. துரை கஞ்சர் அல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம் என்பது அவர்கள் ஊர் வழக்கம், மறுபடியும் நச்சரிப்பது அங்கே அநாகரிகம். எலியேசருக்கு இது நன்றாகத் தெரியும். மலை மழையில் நனைந்து பல் கிடுகிடுக்க நின்ற நாட்களில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

டில்லி தர்பார் நடந்த மறு வருஷம் துரைக்கு உத்தியோகம் முடிந்தது. வலது தோளில் வாதம் வந்து கையைத் தூக்க முடியாமல் ஆகியிருந்தது. சீமையில் தங்கை வீட்டில் போய் இருக்கப் போகிறார். பங்களாச் சமையற்காரர் முகம்மது சுல்தான் எலியேசரைக் கூப்பிட்டு ரகசியம் சொன்னார்.

"ஏ வே, தொரை ஒமக்கு ஒரு கம்பு தரப்போறாரு. எது வேணும்னு ஒம்மகிட்டயே கேப்பாரு. யோசிச்சு வச்சுக்கிடும்."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது! எலியேசருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாலோமிதான் விவரமானவள். அடுப்படியில் அவனை நிறுத்தி ஒத்திகை பார்த்தாள்.

"அத்தான், அவரு நம்மூர்க்காரரு இல்ல. ஒரு தரந்தான் கேப்பாரு. கேட்டதும் பத்தரைன்னு சொல்லிப்போடணும்."

"சொல்லிருவேன்ட்டி."

"எங்க, இப்பச் சொல்லுங்க பாப்போம். நாந்தான் தொரை. எலியேசர், ஒனக்கு எந்தக் கம்பு வேணும்?"

"எனக்கு எதுக்குத் தொ..."

சாலோமி அகப்பையை ஓங்கினாள். திரும்பவும் கேட்டாள். எட்டாவதோ ஒன்பதாவதோ தரத்தில் 'பத்தரை' என்று ஒருவழியாக அவன் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்லிவிட்டு, கெட்ட வார்த்தை பேசினவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் பங்களாவுக்குப் போகிற வழி முழுக்கப் பத்தரை, பத்தரை என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

பங்களா வராந்தாவில் நான்கு கம்பும் மேஜையில் வரிசையாகக் கிடந்தன. ஆபீஸ் ஹெட் கிளார்க்கும் இரண்டு குமாஸ்தாக்களும் பிரிவு சொல்ல வந்து நின்றிருந்தார்கள். துரை நேரே விஷயத்துக்கு வரவில்லை. அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது.

"எலியேசர், உன்னை ஒன்று கேட்கின்றேன். ஒரு மனிதனுக்கு ஒரே கம்புதான் உண்டு. இந்த நதியை மலை முதல் அணை வரையில் அவன் அந்த ஒன்றினால் மீன் பிடிக்க வேண்டும். அவன் எதை எடுப்பான்?"

இது எலியேசருக்கு என்று கேட்கவில்லையே, யாரோ ஒரு மனிதனுக்கு அல்லவா! வாய் திறந்துகொண்டது. பெரியவரிடம் என்ன குறை, சின்னப்பிள்ளையிடம் என்ன குறை, பத்தரை ஏன் எல்லாத் தண்ணீருக்கும் ஆகும் என்று அவன் கம்பைத் தொட்டுத் தொட்டுச் சொன்னான். நுனி மட்டும் வளைகிற கம்பு சின்ன மீனுக்குத்தான் ஆகும், அடி வரைக்கும் வளைகிற கம்புதான் எல்லாவற்றுக்கும் ஆகும் என்றான். பாறைக்கு மேலே கயிற்றைத் தூக்கிப் பிடிக்க நீளம் வேண்டும், மரத்துக்குக் கீழே வீச நீளம் கூடாது, இரண்டுக்கும் நடுவில் பத்தரைதான் நிற்கும் என்றான். அவன் அவ்வளவு பேசி ஹெட் கிளார்க் கேட்டதே இல்லை. துரை முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"நன்று. என் எண்ணமும் அதுவே. இப்போது இவற்றில் ஒன்று உனக்கு. நீயே எடுத்துக்கொள்."

என்ன செய்வான் அந்த மனுஷன்? இருப்பதில் எது உசத்தி என்று நாலு பேர் முன்னால் நிமிஷக்கணக்கில் சொல்லி முடித்த வாயோடு, அதையே எனக்குக் கொடு என்று எப்படிக் கை நீட்டுவான்? ஹெட் கிளார்க் வேறு கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாலோமி அகப்பையோடு மனசில் வந்தாள். பத்தரை என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. கை தானாகப் போய் மேஜைக் கோடியில் கிடந்த நொண்டியைத் தொட்டது.

"எனக்கு இது போதும் தொரை."

துரையின் சிரிப்பு நின்றது. "இதுவா?" என்றார்.

எலியேசருக்கு உயிர் வந்தது. மறுபடி கேட்கிறாரே! துரைகூடக் கேட்கிறாரே! இன்னும் ஒரு தரம் கேட்டுவிட்டால் முறை முடிந்தது, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் தரத்துக்கு உண்டான பதிலைச் சொல்லித்தானே மூன்றாம் தரத்துக்குப் போக வேண்டும்?

"இதுவே எனக்குப் பெருசு தொரை. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். துரை நொண்டியை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதன் பையில் போட்டு, வாய்க்கயிற்றைத் தாமே கட்டி, எலியேசர் கையில் கொடுத்தார். மூன்றாம் தரம் யாரும் கேட்கவில்லை. குமாஸ்தாக்கள் கை தட்டினார்கள். ஹெட் கிளார்க், 'பேராசையே இல்லாத ஆளு' என்று மெச்சினார்.

தோட்டத்துப் பக்கம் சுல்தான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். வயசில் மூத்தவர், கோபம் வந்தால் மரியாதை எல்லாம் பறந்துவிடும்.

"ஏலே, என்ன காரியம்லே செஞ்ச? அது தொரையோட வாப்பா கம்புல்லா! அவுக மௌத்தாகும்போது மகன் கையில குடுத்தது. அதுல ஒரு தூசி பட விடமாட்டாரு. பத்தரைய ஒனக்குன்னு எடுத்து வச்சிருந்தாருலே. அதுக்குத்தான் அத்தன பேரு முன்னால ஒன்ன அந்தக் கேள்வி கேட்டாரு."

"அப்பம் ஏன் குடுத்தாரு?"

"எதுனாலும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாருல்லா. சொன்ன சொல்ல மாத்துறது அவுகளுக்கு மானக்கேடு. இப்பம் போயி அந்த வெறும் மேசையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

தோள் போன துரைக்கு இனிமேல் பத்தரையால் ஒரு பிரயோசனமும் இல்லை. நுனி போன நொண்டியால் எலியேசருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அவரவர் கையில் இருக்க வேண்டியது மற்றவர் கையில் இருந்தது. போய் மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் கொடுத்த பொருளை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் நீட்டினால், நல்லதைக் கொடு என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? அதை நினைத்து அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாள் போகலாம் என்று நினைத்தான். மறுநாளும் அதே நினைப்பில் போகவில்லை.

சாலோமி ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரயிலடிக்குக் கொண்டு போங்க அத்தான்," என்றாள். "பெத்தவுக பொருளு, ஒங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிக் குடுங்க. மத்ததப் பத்தி நீங்க வாயத் தொறக்க வேண்டாம். அவராக் குடுத்தா மட்டும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிடுங்க. எனக்கு எதுக்குன்னு கேட்டீங்களோ, வீட்டுப் பக்கம் வந்துராதீங்க."

இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று எலியேசருக்குத் தோன்றியது. சுல்தானிடமும் போய், கம்பை ரயிலடியில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்தான். சுல்தானும் தூத்துக்குடி வரைக்கும் துரையோடு போய்க் கொழும்புக் கப்பல் ஏற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு.

துரை புறப்படுகிற நாளில் எலியேசர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நொண்டிப் பையைத் தோளில் சாத்தி, பாலத்தைத் தாண்டி நேரத்தோடு ரயிலடிக்குப் போய்விட்டான். ஆனால் போன வருஷம் மணியாச்சியில் கலெக்டர் துரையை ரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டதிலிருந்து, துரைமார் ஏறுகிற வண்டி என்றால் ரயிலடி முழுக்கப் போலீசாக இருந்தது. நீளமான துணிப்பையோடு துரைப் பெட்டியைப் பார்த்து வேகமாகப் போகிற ஆளைச் சும்மா விடுவார்களா?

"ஏலே, நில்லு! பையில என்ன?"

"தூண்டில் கம்பு எசமான்."

"தூண்டிலா? ரயில்ல என்ன மீனா ஓடுது? அவுறு."

கான்ஸ்டபிள் பையை அவிழ்த்து, துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணில் வைத்து, துப்பாக்கிக் குழல் மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பெரிய போலீசைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்தார். முதல் மணி அடித்தது. எலியேசருக்கு அழுகை வந்தது. அந்த நேரம் துரை பெட்டி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, அவனை விடச் சொல்லிக் கை காட்டினார். விட்டார்கள். ஆனால் கான்ஸ்டபிள் அவன் முழங்கையைப் பிடித்தபடியே ஜன்னல் வரைக்கும் கூட வந்தார்.

துரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பத்தரைப் பை கிடந்தது. அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். விட மனசில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறார், பாவம் என்று எலியேசர் நினைத்தான். பரவாயில்லை, அவர் பொருளாவது அவருக்குப் போய்ச் சேரட்டும்.

"தொரை, இது ஒங்க அப்பா கம்புன்னு தெரியாம எடுத்துட்டேன். இது ஒங்ககிட்டதான் இருக்கணும்" என்று பையை நீட்டினான். சாலோமி சொல்லிக்கொடுத்தது தடுமாறாமல் வந்தது.

துரையின் கண் கலங்கியது. ஒரு கை மடியிலிருந்து எழுந்து ஜன்னலுக்கு வெளியே பாதி வந்தது. பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் எலியேசர். உன்னிடமே இருக்கட்டும்" என்றார்.

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எலியேசர் விட்டிருப்பானா? 'அதெல்லாம் முடியாது, பிடியும்' என்று மடியில் போட்டுவிட்டு வந்திருப்பான். ஆனால் சொன்னது துரை. துரை வேண்டாம் என்றால் வேண்டாம், அது உத்தரவு. ஒன்பது வருஷம் பழகி, அவர்கள் ஊர் வழக்கத்தை அவன் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான். மறுபடி நச்சரிப்பது அநாகரிகம். பக்கத்தில் போலீஸ் வேறு.

"சரி தொரை" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டான். கை கூப்பினான்.

துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ காத்திருக்கிறவர் மாதிரி இருந்தது. இரண்டாம் மணி அடித்தது. விசில் ஊதி வண்டி நகர்ந்தது.

துரைப் பெட்டியை ஒட்டின வேலைக்காரர் பெட்டி அவன் முன்னால் மெல்ல வந்தது. அதன் ஜன்னலில் சுல்தான் இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"கூறுகெட்டவனே! இன்னொரு தரம் நீட்டுலே! எடுத்த எடுப்புல வாங்கிரக் கூடாது, எங்கூர்ல அது மரியாத இல்லன்னு நாந்தாம்லே அவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! மூணாந்தரம் இத வாங்கிக்கிட்டு அத ஒன் கையில குடுக்கணும்னு மடியிலயே வச்சிருந்தாருலே!"

எலியேசர் ஓடினான். பையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிக்கொண்டு, "தொரை, பிடிங்க தொரை, பிடிங்க" என்று கத்திக்கொண்டு ஓடினான். துரையின் கை ஜன்னலுக்கு வெளியே முழுசாக வந்திருந்தது. பத்தடிதான் இருக்கும். கான்ஸ்டபிள் பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். நகருகிற வண்டியில் துரையைப் பார்த்து நீளக் கம்போடு ஓடுகிறவனை வேறு என்ன செய்வார், அவர் வேலை அது. வண்டி போய்விட்டது. கான்ஸ்டபிள் காலரை விட்டார், சட்டையை நீவிக்கூட விட்டார்.

பாலத்தில் வரும்போது ஆறு நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எலியேசர் நின்று பார்க்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. துரை அவனுக்காக இந்த ஊர் மனிதனாக நடந்துகொண்டார். அவன் துரைக்காக அந்த ஊர் மனிதனாக நடந்துகொண்டான். இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

சாலோமி வாசலில் நின்றிருந்தாள். அவன் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"குடுக்கலையா அத்தான்?"

"குடுத்தேன். வேண்டாம்னுட்டாரு."

"எத்தன தரம் குடுத்தீங்க?"

எலியேசர் பையை இறக்கிச் சுவரோரம் சாத்தினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு தரந்தான்" என்றான்.